சேற்றுக்கோடு: ஒரு அடி உயர ஜவானை வெள்ளத்தில் இறக்கி ஏற்றுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

எங்கள் வீட்டுக் காம்பவுண்டுச் சுவரில் தரையிலிருந்து நாலடி உயரத்தில் ஒரு பழுப்புக் கோடு இருக்கிறது. இரண்டு முறை வெள்ளையடித்தும் போகவில்லை. 2015 டிசம்பர் 1-ஆம் தேதி ராத்திரி ஏறிய தண்ணீர் போட்டுவிட்டுப் போன கையெழுத்து அது. தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டிய நாள். மறுநாள் எங்கள் தெருவில் இடுப்பளவுத் தண்ணீரில் மூங்கில் கழியை ஊன்றி ஆழம் பார்த்துக்கொண்டே ஒரு ஜவான் நடந்து வந்தார். சீருடைக்கு மேல் ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட், தோளில் கயிறு, கையில் பால் பாக்கெட் பை. துப்பாக்கி கிடையாது.

அந்த உருவத்தைத்தான் முப்பது சென்டிமீட்டர் ஆக்‌ஷன் ஃபிகரில் செய்து பார்த்தேன். முதல் முயற்சி படு தோல்வி, இரண்டாவது சுமார், மூன்றாவதை அலமாரியில் வைத்திருக்கிறேன். மூன்றிலும் கற்றதைச் சேர்த்து எழுதுகிறேன். நீங்கள் பாலைவன வீரரோ பனிமலைக் காவலரோ செய்வதாக இருந்தாலும் முறை இதுதான். கறை மட்டும் மாறும்.

முதலில் வேண்டியது பெயின்ட் இல்லை, கதை

வெதரிங், அதாவது பொம்மை நிஜத்தில் உழைத்தது போலக் கறையும் தேய்மானமும் வரவழைப்பது, என்றால் வெறுமனே அழுக்காக்குவது என்று நினைத்துத்தான் பலரும் தொடங்குகிறார்கள், நானும் அப்படித்தான். முதல் ஃபிகருக்கு முழங்காலில் சேறு, முகத்தில் கரி, பக்கிளில் துரு, பூட்ஸில் தூசி என்று கிடைத்ததையெல்லாம் பூசினேன். பார்த்தவர்கள் “குப்பைத்தொட்டியிலிருந்து எடுத்ததா?” என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. வெள்ளத்தில் நின்றவன் பூட்ஸில் தூசி எங்கிருந்து வரும்? இரண்டு நாளில் எந்த பக்கிள் துருப்பிடிக்கும்? அதுவும் பிளாஸ்டிக் பக்கிள்!

அதனால் பிரஷை எடுக்கும் முன் ஒரு தாளில் முன்பக்கம், பின்பக்கம் என்று இரண்டு மனித உருவம் கிறுக்கிக்கொள்ளுங்கள். எங்கே இருந்தான், எவ்வளவு நேரம் இருந்தான், இப்போது எந்தக் கணம் என்ற மூன்றையும் முடிவு செய்யுங்கள். என் ஜவான் இடுப்பளவுத் தண்ணீரில் காலையெல்லாம் நடந்தவர். மழை விட்டு, அவர் மேட்டில் ஏறி இரண்டு மணி நேரம் ஆகிறது. இதைத் தீர்மானித்ததும் பாதி வேலை முடிந்துவிடுகிறது. நீர் கீழே வடியும் என்பதால் இடுப்பு முதலில் காயும், கணுக்கால் கடைசியில் காயும். அப்படியென்றால் மேலே வெளிறிய சேறு, கீழே கருத்த ஈரம். கழி பிடித்த வலக்கை மணிக்கட்டு வரை அழுக்கு. இடக்கையில் பால் பை என்பதால் அது ஓரளவு சுத்தம். கயிறு உரசிய தோளில் மட்டும் ஜாக்கெட் கறுத்திருக்கும். தாளில் அந்தந்த இடத்தில் இதையெல்லாம் குறித்துவிடுங்கள். பிறகு ஒவ்வொரு கறை வைக்கும்போதும் “இது எப்படி வந்தது?” என்று கேளுங்கள். பதில் சொல்ல முடியாத கறையை வைக்காதீர்கள்.

எந்த ஃபிகரை எடுப்பது?

துணிச் சீருடை போட்ட, ஆறில் ஒரு பங்கு அளவு ஃபிகர்தான் இந்த வேலைக்குத் தோது. 1964-இல் ஹாஸ்ப்ரோ முதன்முதலில் வெளியிட்ட ஜி.ஐ. ஜோவும் இந்த அளவுதான். நம் வயதுக்காரர்களுக்கு ஜி.ஐ. ஜோ என்றால் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஃபன்ஸ்கூல் போட்ட, உள்ளங்கையில் அடங்கும் மூன்றே முக்கால் அங்குலக்காரர்கள்தான் ஞாபகம் வருவார்கள். முதுகில் ஒரு ஸ்க்ரூ, இடுப்புக்குள் ஒரு ரப்பர் வளையம். பரணில் அவற்றில் ஏதாவது கிடந்தால் தயவுசெய்து அதில் கைவைக்காதீர்கள். பெயின்ட் அடித்த பழைய ஃபிகரைச் சேகரிப்பவர்கள் சீண்டுவதில்லை. பழகுவதற்குப் பெயரில்லாத மலிவு ஃபிகர் போதும். கை கால் மூட்டு இறுக்கமாக நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள். மிச்சத்தை நாம் பார்த்துக்கொள்ளலாம்.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை: ரெக்ஸின் போன்ற போலித் தோலில் பூட்ஸோ பெல்ட்டோ இருந்தால் தவிர்த்துவிடுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் சில வருடங்களில் அது செதில் செதிலாக உரியும். அலமாரிக்குள் இருந்தாலும் உரியும். வார்ப்புப் பிளாஸ்டிக் பூட்ஸே மேல்.

சாமான்கள்

பெரிய பட்டியல் இல்லை. அக்ரிலிக் கலர், ஃபேப்ரிக் கலர், மூன்று பிரஷ், எம்-சீல், ஃபெவிகால், ஃபெவிக்விக், 400-ஆம் எண்ணிலும் 1000-ஆம் எண்ணிலும் வாட்டர் பேப்பர் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்), பளபளப்பு தரும் கிளாஸ் வார்னிஷ், பளபளக்காத மேட் வார்னிஷ். எல்லாம் பாரிமுனையில் ஒரே மத்தியானத்தில் முடிந்துவிடும். ரிச்சி தெருவில் சின்ன ஸ்க்ரூ டிரைவர் செட்டும், ஈரப்பதம் காட்டும் குட்டி டிஜிட்டல் மீட்டரும் வாங்கிக்கொள்ளுங்கள். மீட்டர் எதற்கென்று வார்னிஷ் அடிக்கும்போது புரியும்.

பவுடர்களுக்கு ஹாபி கடைக்குப் போகவே வேண்டாம். ‘ரஸ்ட் பிக்மென்ட்’ என்று குட்டி டப்பாவில் விலை வைத்து விற்பது இரும்பு ஆக்ஸைடு. கோலத்துக்கு விளிம்பு கட்டும் காவியில் இருப்பதும் அதுதான். பூஜைச் சாமான் கடையில் பத்து ரூபாய்க்கு வாங்கிய காவி எனக்கு மூன்று வருடமாகத் தீரவில்லை. காய்ந்த தூசிக்குத் திருநீறு, புகைக் கறைக்கு அடுப்புக்கரி, உலோகப் பளபளப்புக்கு 6பி பென்சில் சீவல். கோலமாவு மட்டும் உதவாது, குருணை பெரிது. எதுவானாலும் பழைய வேட்டித் துணியில் சலித்துவிடுங்கள். நாட்டு மருந்துக்காரர்கள் வஸ்திரகாயம் என்பார்கள், அந்தப் பதம் வேண்டும். ஆறில் ஒரு பங்கு உலகத்தில் ஒரு மில்லிமீட்டர் மணல் என்பது ஆறு மில்லிமீட்டர் ஜல்லி!

படி 1: கழற்றுதல், கழுவுதல்

உடுப்பைக் கழற்றும் முன் நாலு பக்கமும் போனில் படம் எடுங்கள். எந்த வார் எதன் அடியில் போனது என்பது ஒரு வாரத்தில் மறந்துவிடும். தலையையும் கைகளையும் இழுத்துப் பிடுங்காதீர்கள். கை தாங்கும் சூட்டைவிடக் கொஞ்சம் அதிகமான வெந்நீரில் இரண்டு நிமிடம் போட்டால் பிளாஸ்டிக் இளகி, மெல்ல ஆட்டினாலே கழன்று வரும். மணிக்கட்டு முளைதான் முதலில் உடையும் இடம். அதை நேராக இழுக்க வேண்டும், திருகக் கூடாது.

அச்சிலிருந்து எளிதாக வருவதற்காகத் தொழிற்சாலையில் தடவிய எண்ணெய்ப் பசை பிளாஸ்டிக் மேல் இருக்கும். பாத்திரம் தேய்க்கும் லிக்விடில் பழைய டூத் பிரஷால் தேய்த்து, ஒரு ராத்திரி காயவிடுங்கள். இதைச் செய்யாவிட்டால் பெயின்ட் அப்பளம் மாதிரி உரிந்து வரும்.

பிளாஸ்டிக் வகை தெரிந்திருப்பது நல்லது. ரப்பர் போல அமுங்கும் தலையும் கைகளும் பெரும்பாலும் பிவிசி. அதன்மேல் எனாமல் பெயின்ட் அடித்தால் மாதக் கணக்கில் காயாமல் பிசுபிசுக்கும். பிவிசியை மென்மையாக்கச் சேர்த்த பொருள் மெல்ல வெளியேறி பெயின்ட்டை இளக்குவதுதான் காரணம். எனவே அக்ரிலிக் மட்டும். கெட்டியான உடல் ஏபிஎஸ் என்றால் நெயில் பாலிஷ் ரிமூவரைப் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள், அசிட்டோன் அதைக் கரைத்துவிடும்.

படி 2: முகம்

இதில்தான் எனக்கு அதிக நாள் போனது, இதில்தான் அதிக சந்தோஷமும். கடையில் வரும் தலைகள் பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள். வெறுமனே பழுப்பு அடித்தால் வெயிலில் கறுத்த வெள்ளைக்காரராகத்தான் நிற்பார். முதல் மாற்றம் எம்-சீலில். இரண்டு உருண்டையையும் சமமாகக் கிள்ளி, நிறம் ஒன்றாகும் வரை பிசைந்து, உளுந்தளவு எடுத்து மேலுதட்டில் ஒட்டுங்கள். ஈர ஊசியால் கோடு கீறினால் மீசை. தண்ணீர் தொட்டுத் தொட்டு வேலை செய்யுங்கள், இல்லாவிட்டால் மீசை விரலோடு வந்துவிடும். மூக்கின் இரு பக்கமும் துளித்துளி வைத்து நாசியைக் கொஞ்சம் அகட்டலாம். ஒரு ராத்திரி இறுகிய பின் வாட்டர் பேப்பரை நனைத்துத் தேயுங்கள். உலர்வாகத் தேய்த்தால் வரும் தூள் நுரையீரலுக்கு ஆகாது, மாஸ்க் போடுங்கள்.

நிறத்துக்கு ‘ஸ்கின்’ என்று எழுதிய டியூபை நம்பாதீர்கள், அது ரோஜாப்பூ நிறத்தில் இருக்கும். நம் தோலுக்குப் பர்ன்ட் சியன்னா இரண்டு பங்கு, யெல்லோ ஓக்கர் ஒரு பங்கு, வெள்ளை அரைப் பங்கு. அதில் ஊசி முனையளவு அல்ட்ராமரீன் நீலம். நீலம் எதற்கென்று கேட்பீர்கள். அதில்லாமல் நிறம் செங்கல் சூளையாகத் தெரியும், நீலம் சேர்ந்ததும் சட்டென்று மனிதத் தோலாகிவிடும். அடித்துக் காய்ந்ததும் உங்கள் புறங்கையைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

பாலாடை தடிமனுக்கு ஒரே பூச்சாக அடிக்காமல், மோர் பதத்தில் நாலைந்து பூச்சு அடியுங்கள். நிழலுக்குக் கறுப்பு வேண்டாம், பர்ன்ட் அம்பர் போதும். கண்குழி, மூக்கின் அடி, காதுக்குப் பின்னால், கழுத்து மடிப்பு இவற்றில் வையுங்கள். நெற்றி, மூக்கு நுனி, கன்ன எலும்பில் அடிநிறத்தோடு கொஞ்சம் ஓக்கர் கூட்டித் தொட்டால் வெளிச்சம். கண் வெள்ளையை வெள்ளையாக அடிக்கவே கூடாது, பேய் முழி முழிக்கும். தேங்காய்ப்பால் நிறத்தில் ஒரு துளி பழுப்பு கலந்து அடியுங்கள். விழியின் மேற்பகுதியை இமை மறைக்க வேண்டும். முழு வட்டமும் தெரிந்தால் பயந்தவர் மாதிரி இருப்பார். ராத்திரியெல்லாம் தூங்காதவர் என்பதால் கீழிமையில் லேசாகச் சிவப்பு. எல்லாம் முடிந்து மேட் வார்னிஷும் அடித்த பிறகு கண்ணில் மட்டும் கிளாஸ் வார்னிஷ் ஒரு சொட்டு. அந்த ஒரு சொட்டில் பொம்மை நம்மைப் பார்க்க ஆரம்பிக்கும்.

படி 3: உடுப்பும் ஜாக்கெட்டும்

கதை 2015-இல் நடக்கிறது. இப்போது நாம் பார்க்கும் டிஜிட்டல் வடிவச் சீருடையை ராணுவம் அறிமுகப்படுத்தியது 2022 ஜனவரி 15, ராணுவ தினத்தன்று. எனவே அது இந்த ஜவானுக்கு ஆகாது; பழைய, திட்டுத் திட்டான வடிவம்தான் வேண்டும். கடையில் மீட்டரில் விற்கும் கேமோ துணியை வெட்டித் தைக்காதீர்கள், திட்டெல்லாம் பூதாகரமாக இருக்கும். நிஜத்தில் பன்னிரண்டு சென்டிமீட்டர் திட்டு இங்கே இரண்டு சென்டிமீட்டர். வெளிர் பச்சைப் பருத்திச் சட்டை-பேன்ட்டில் ஃபேப்ரிக் கலரால் கையாலேயே வரைவதுதான் சரி. இரண்டு சாயங்காலம் பிடிக்கும்.

லைஃப் ஜாக்கெட்டுக்குக் கணக்கு எளிது. எதையும் ஆறால் வகுங்கள். நாலரை சென்டிமீட்டர் தடிமன் என்றால் ஏழரை மில்லிமீட்டர். மூன்று மில்லிமீட்டர் ஃபோம் ஷீட்டை இரண்டாக ஒட்டி மேலே துணி சுற்றினால் கிட்டத்தட்ட வந்துவிடும். துணிக்கு மேட்சிங் சென்டரில் ஆரஞ்சு லைனிங் துணி கால் மீட்டர். கடைக்காரம்மா “எந்தப் புடவைக்கும்மா?” என்று வழக்கமாகக் கேட்கும் கேள்வியை என்னிடம் பாதியில் நிறுத்திக்கொண்டார். வாருக்கு ஐந்து மில்லிமீட்டர் கறுப்பு நாடா. பக்கிள்களை பிளாஸ்டிக் டப்பா மூடியிலிருந்து வெட்டினேன். மினுங்கும் பட்டைக்கு டூவீலர் ஸ்டிக்கர் கடையில் ரேடியம் ஸ்டிக்கர். எட்டு மில்லிமீட்டர் அகலத்தில் வெட்டி மார்பில் ஒட்டினால் நிஜம் மாதிரியே டார்ச் வெளிச்சத்தில் பளிச்சிடும்.

கழி: ஒட்டடைக் குச்சியிலிருந்து சீவிய மூங்கில், 33 சென்டிமீட்டர். கயிறு: இரண்டு மில்லிமீட்டர் சணல். அதன் பிசிறைத் தீக்குச்சியில் பொசுக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் கம்பளிப்பூச்சி மாதிரி தெரியும். பால் பாக்கெட்டை நிஜப் பாக்கெட்டின் வெற்று ஓரத்திலிருந்தே வெட்டி, உள்ளே வெள்ளை ஃபோம் துண்டு வைத்து, சூடான கத்தி முதுகால் விளிம்பை அழுத்தி ஒட்டினேன். அரை லிட்டர் பாக்கெட் இந்த அளவில் தீப்பெட்டியில் பாதி வரும்.

படி 4: சேற்றுக்கோடு

இந்த வேலையின் உயிர் இங்கேதான்.

டபராவை மேஜையில் வைத்து எடுத்தால் அடியில் காபி வளையம் விழுகிறதே, கவனித்திருக்கிறீர்களா? நடுவில் வெளிறி, விளிம்பில் மட்டும் அழுத்தமாக இருக்கும். நீர் விளிம்பில் வேகமாக ஆவியாவதால், அந்த இழப்பை ஈடுகட்ட நடுவிலிருந்து நீர் வெளிப்பக்கம் ஓடுகிறது. போகும்போது துகள்களையும் இழுத்துக்கொண்டு போய் ஓரத்தில் சேர்க்கிறது. 1997-இல் இதை விளக்கி இயற்பியல் ஆய்வுக் கட்டுரையே வந்தது. எங்கள் சுவர்க் கோட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு டபராதான் ஞாபகத்துக்கு வரும். ஈர விளிம்பில் துகள் சேரும் இதே குணத்தை பேன்ட்டிலும் வரவழைக்கலாம். பிரஷால் கோடு வரைந்தால் அது கோடாகவே தெரியும். தண்ணீரையே வரைய விட வேண்டும்.

ஃபில்டரில் இறங்கிய இரண்டாம் டிகாஷனை எடுங்கள், முதல் டிகாஷன் காபிக்கு. அதில் அதே அளவு தண்ணீர், சலித்த களிமண் அரை ஸ்பூன். பாலும் சர்க்கரையும் கூடவே கூடாது. எறும்பு வந்து ஜவானைத் தூக்கிக்கொண்டு போகும். பேன்ட்டைத் தனியாக, கிளிப்பில் தொங்கவிட்டு, அகலமான டம்ளருக்குள் தொடை வரை இறக்குங்கள். இடுப்பு வரை முக்காதீர்கள், நூல் வழியாக நீர் தானே ஒன்று ஒன்றரை சென்டிமீட்டர் மேலே ஏறும். மூன்றடித் தண்ணீர் என்பது இங்கே குதிகாலிலிருந்து பதினைந்து சென்டிமீட்டர். கோடு அங்கே போய் நிற்க, பதிமூன்றரையில் முக்கினேன். பத்து நிமிடம் ஊறிய பின் எடுத்து, தொங்கவிட்டபடியே காயவிடுங்கள். ஃபேனைக் குறைவாக வையுங்கள், ஹேர் டிரையர் வேண்டாம். மெல்லக் காய்ந்தால்தான் விளிம்பு அழுத்தமாக விழும்.

காய்ந்ததும் மறுபடி முக்குங்கள், இந்த முறை இரண்டு சென்டிமீட்டர் கீழே. மூன்றாவது முறை முழங்கால் வரை. வெள்ளம் ஒரே மூச்சில் வடிவதில்லை, நின்று நின்று வடிகிறது. எங்கள் சுவரிலும் பெரிய கோட்டுக்குக் கீழே மெல்லிய கோடுகள் இரண்டு உண்டு. மூன்றும் ஒரே மட்டத்தில் நேராக இருக்க வேண்டுமென்பதும் இல்லை. நடந்தவர் காலில் ஒன்று சற்று உயர்ந்திருக்கலாம்.

களிமண் விஷயத்தில் ஒரு வார்த்தை. கடற்கரை மணலை எடுக்காதீர்கள். குருணை பெரிது, உப்பு வேறு. உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். ஏரிக்கரை வண்டல் நல்லது. எந்த மண்ணானாலும் பழைய தோசைக்கல்லில் அரை மணி நேரம் வறுத்துவிட்டுச் சலியுங்கள். வறுக்காத மண்ணில் நான் செய்த முதல் ஜவானுக்கு ஐப்பசியில் கணுக்காலில் பூஞ்சை பூத்தது. அம்மாவின் தோசைக்கல்லை எடுத்துவிடாதீர்கள், அதற்கு வேறு வழிகாட்டி எழுத வேண்டிவரும்.

இப்போது துணியின் கனம். ஆறில் ஒரு பங்கு உடம்பில் துணி எப்போதும் விறைப்பாக நிற்கும், ஈரத் துணி அப்படி நிற்காது. உடலை க்ளிங் ராப்பால் சுற்றுங்கள். சுற்றாவிட்டால் துணிச்சாயமும் டிகாஷனும் பிளாஸ்டிக்கில் நிரந்தரமாக ஏறும். பேன்ட்டைப் போட்டு, ஒரு பங்கு ஃபெவிகாலுக்கு ஆறு பங்கு தண்ணீர் கலந்து தடவி, முழங்காலுக்குப் பின்னாலும் பூட்ஸுக்கு மேலும் விரலால் மடிப்பு வைத்து, துணி உடம்போடு ஒட்டும்படி நூலால் அங்கங்கே கட்டிவிடுங்கள். மறுநாள் நூலை எடுத்தால் மடிப்பு அப்படியே நிற்கும். ஃபெவிகால் நிறமில்லாமல் காய்வதால் கறை மறையாது.

கடைசியாகக் கட்டிச் சேறு. மண், ஃபெவிகால், துளி பழுப்பு அக்ரிலிக் மூன்றையும் தோசைமாவு பதத்தில் கலந்து, பூட்ஸ் விளிம்பிலும் உள்தொடை உரசும் இடத்திலும் குச்சியால் வையுங்கள். கணுக்காலில் மட்டும் காய்ந்த பின் கிளாஸ் வார்னிஷ் தொட்டால் அங்கே இன்னும் ஈரம் இருப்பதாகத் தெரியும். முழங்காலுக்கு மேல் கிளாஸ் கூடாது, அங்கே இரண்டு மணி நேரம் காய்ந்துவிட்டதல்லவா!

படி 5: பிளாஸ்டிக் பாகங்கள்

பூட்ஸ், பக்கிள், கைகள் இவற்றுக்கு முதலில் ஒரு பூச்சு கிளாஸ் வார்னிஷ். அதன்மேல் வாஷ்: பர்ன்ட் அம்பரும் ஒரு துளிக் கறுப்பும் நிறையத் தண்ணீரில், கூடவே பாத்திர லிக்விட் ஒரே ஒரு சொட்டு. அந்தச் சொட்டு இல்லாவிட்டால் தண்ணீர் முத்து முத்தாக நிற்கும், இருந்தால் இடுக்குக்குள் தானே ஓடும். மேட்டில் நின்றதைக் காதுகுடையும் பட்ஸால் துடைத்துவிடுங்கள். பிறகு டிரை பிரஷ்: பிரஷில் வெளிர்நிறம் தொட்டு, பேப்பரில் துடைத்துத் துடைத்து இனி ஒன்றும் வராது என்னும்போது விளிம்புகளில் வருடுங்கள்.

உலோகச் சாமான் இருந்தால் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சைப் பிய்த்து, அடர்பழுப்பில் தொட்டு ஒற்றினால் பெயின்ட் உரிந்த சிராய்ப்பு வரும். இதைக் கற்க ஒருமுறை புதுப்பேட்டைக்குப் போய் வாருங்கள். கழற்றிக் குவித்த கார்க் கதவுகளைப் பார்த்தால், துரு எப்போதும் தண்ணீர் தேங்கும் அடிவிளிம்பில் தொடங்குகிறது, தட்டையான நடுப்பகுதியில் இல்லை என்பது ஒரு பார்வையில் விளங்கிவிடும். சிராய்ப்பு முதலில், அதற்குள் காவி, அதிலிருந்து கீழ்நோக்கி வழிந்த மெல்லிய கோடு என்பது வரிசை. என் ஜவானிடம் இரும்பு எதுவும் இல்லை. ஆசையை அடக்கிக்கொண்டேன்.

ஆரஞ்சு ஜாக்கெட்டில் கை கொஞ்சம் அரிக்கும், எல்லாவற்றையும் பூசத் தோன்றும். விடுங்கள். அந்த ஆரஞ்சு கண்ணைக் குத்தினால்தான் கீழே சேறு சேறாகத் தெரியும். கயிறு உரசும் தோளிலும் குழந்தையைத் தூக்கினால் கால் படும் விலாவிலும் மட்டும் கரியும் மண்ணும் கலந்து விரலால் தேய்த்தேன்.

படி 6: வார்னிஷும் சென்னைக் காற்றும்

இங்கேதான் என் இரண்டாவது ஜவான் பலியானார். நவம்பர் மாதம், மழை விட்ட சாயங்காலம், பால்கனியில் நின்று மேட் ஸ்ப்ரே அடித்தேன். பத்து நிமிடத்தில் தலை முதல் கால் வரை வெள்ளை பூத்துவிட்டது, விபூதி அபிஷேகம் முடிந்த சிலை மாதிரி. ஸ்ப்ரேயில் உள்ள கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. அந்தக் குளிர்ச்சியில் காற்றின் ஈரம் படிந்து பூச்சுக்குள் மாட்டிக்கொள்கிறது. ஈரப்பதம் 70-க்கு மேல் காட்டினால் டப்பாவைத் தொடாதீர்கள்.

நம் ஊரில் விடிகாலைதான் ஈரம் அதிகம். வெயில் ஏற ஏறக் குறைந்து, மத்தியானம் கடல்காற்று திரும்பியதும் மறுபடி கூடும். வெயில் காலத்தில் பதினொன்றுக்கும் ஒன்றுக்கும் நடுவில் கிடைக்கும் இடைவெளிதான் நம்முடையது. ஆனால் கத்திரி உச்சத்தில் மொட்டை மாடியில் அடித்தால் பெயின்ட் பொம்மையைத் தொடும் முன்பே காற்றில் காய்ந்து, உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று படியும். நிழலில், மாஸ்க் போட்டு, ஒரு சாண் தள்ளி, கையை ஓட்டிக்கொண்டே மெல்லிய பூச்சாக அடியுங்கள். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் ஸ்ப்ரேயை மறந்துவிட்டு, பிரஷில் தடவும் அக்ரிலிக் மேட் வார்னிஷுக்கு மாறுங்கள். வெள்ளை பூத்துவிட்டால் பதறாதீர்கள். உலர்ந்த ஒரு நாளில் அதன்மேல் மெல்ல மறுபடி அடித்தால் பல நேரம் தெளிந்துவிடும். எனக்கு பாதிதான் தெளிந்தது.

பவுடரை வார்னிஷுக்குப் பிறகுதான் தூவ வேண்டும். முன்னால் தூவினால் வார்னிஷ் பட்டதும் பாதி காணாமல் போகும். மெல்லிய பிரஷால் தட்டி, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலை ஓரத்தில் ஒரு சொட்டு விட்டால் தானே பரவி ஓரளவு பிடித்துக்கொள்ளும். அடியில் இருக்கும் பெயின்ட்டையும் அது கரைக்கலாம், மறைவான இடத்தில் சோதித்துவிட்டுச் செய்யுங்கள். என் ஜவானுக்குக் காய்ந்த இடுப்புக் கோட்டுக்கு மேல் ஒரு சிட்டிகை திருநீறு, அவ்வளவுதான்.

எங்கே நிறுத்துவது?

போனில் படமெடுத்துக் கறுப்பு-வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். முகம், ஜாக்கெட், பேன்ட் மூன்றும் மூன்று அளவு வெளிச்சமாகத் தெரிந்தால் பிரஷைக் கழுவி வைத்துவிடலாம். எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் அழுக்கு அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். ஈர பட்ஸால் மேடான இடங்களைத் துடைத்து எடுங்கள். சந்தேகம் வந்தால் ஒரு நாள் தள்ளிப் போடுங்கள். ராத்திரி பதினொரு மணிக்கு ‘இன்னும் ஒரே ஒரு தொடல்’ என்று வைத்ததையெல்லாம் நான் காலையில் அழித்திருக்கிறேன்.

வைக்கும் இடத்தில் நேர் வெயில் படக் கூடாது. கண்ணாடி அலமாரிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு, ஐப்பசி கார்த்திகையில் மாதம் ஒருமுறை மாற்றுங்கள். புதுச் செருப்பு டப்பாக்களில் வருவதைச் சேர்த்து வைத்தாலே போதும். தூசி தட்ட மெல்லிய மேக்கப் பிரஷ். துணி போட்டுத் துடைப்பது கூடாது.

இந்தக் கடைசி விதியை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். போன நவராத்திரிக்கு அம்மா என் அலமாரி முன்னால் ஈரத்துணியோடு நின்றுகொண்டிருந்தார்.

“ஏண்டா, வாங்கறப்ப பளபளன்னு இருந்துச்சே. இப்படிச் சேத்துல புரட்டி வச்சிருக்கியே. கொலுவுல வைக்கலாம்னு பார்த்தேன், துடைச்சுக் குடு.”

“துடைக்காதம்மா. பேன்ட்டைப் பாரு, அந்தக் கோடு என்னன்னு தெரியுதா?”

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். பேன்ட்டைப் பார்த்தார், பால் பாக்கெட்டைப் பார்த்தார். திரும்பி ஜன்னல் வழியாகக் காம்பவுண்டுச் சுவரையும் ஒரு முறை பார்த்தார்.

“இதுல ஆறு பாக்கெட் இல்ல குடுத்தாரு. நீ ரெண்டுதான் வச்சிருக்க” என்றார்.

இப்போது பையில் ஆறு இருக்கிறது. கொலுவில் மூன்றாம் படியில், செட்டியார் தம்பதிக்குப் பக்கத்தில் வைத்தோம்.